பேஸ் வாசிப்பவர் எங்கே? சார்லி ஹன்ட்டரின் எட்டுத் தந்திகள்

1995-இல் ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'பிங், பிங், பிங்!' ஆல்பத்தை முன்பின் எதுவும் தெரியாமல் கேட்பவருக்கு, குழுவில் குறைந்தது நான்கைந்து பேர் இருப்பதாகத்தான் தோன்றும். அடியில் பேஸ் என்ற கீழ்ஸ்தாயி வாத்தியம் உருண்டுகொண்டே போகிறது. அதற்கு மேலே, கிட்டாரா ஆர்கனா என்று தீர்மானிக்க முடியாத ஒரு ஒலி கார்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கொத்துகளை, வெட்டி வெட்டிப் போடுகிறது. டிரம்ஸ் இருக்கிறது, சாக்ஸபோன் இருக்கிறது. அட்டையைத் திருப்பினால் சார்லி ஹன்ட்டர் ட்ரியோ என்று போட்டிருக்கும். ட்ரியோ என்றால் மூன்றே பேர். டேவ் எல்லிஸ் சாக்ஸபோன், ஜே லேன் டிரம்ஸ், அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி ஹன்ட்டர் கிட்டார். சில பாடல்களில் விருந்தாளிகள் எட்டிப் பார்க்கிறார்கள். பேஸ் வாசிப்பவர் என்று ஒருவர் மட்டும் கிடையாது.

அந்த பேஸும் ஹன்ட்டர்தான். அதே கிட்டாரில், அதே நேரத்தில் வாசித்தது. பிறகு தனியாகப் பதிவு செய்து ஒட்டியது அல்ல.

கேள்விப்பட்டதும் 'ஒரே ஆள் ரெண்டு வாத்தியமா!' என்று வாயைப் பிளப்பது இயல்புதான். ஹன்ட்டரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றும் விடுகிறது. எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. வித்தை காட்டும் கிட்டார்காரர்களுக்கு உலகத்தில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இவர் கதையில் சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்தால் இரண்டையுமே குறைத்துத்தான் செய்ய முடியும். அப்படி வலியப் போய் வரவழைத்துக்கொண்ட நெருக்கடியிலிருந்து ஹன்ட்டர் ஒரு குழுவின் ஒலியையே கட்டினார். க்ரூவ் என்று இசைக்காரர்கள் சொல்கிறார்களே, கேட்பவரின் காலைத் தானாக ஆட வைக்கும் அந்தத் தாளப் பிடிப்பு, அதற்கு இந்தக் குறைவு வெகுவாக உதவியது.

வாத்தியத்தை முதலில் பார்த்துவிடலாம். சாதாரணக் கிட்டாரில் ஆறு தந்திகள், பேஸ் கிட்டாரில் நான்கு. கிட்டாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது; பேஸின் தடித்த தந்தி அதில் பாதி, சுமார் 41 முறை, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவு கீழே இறங்கத் தந்தி தடிமனாக இருந்தால் மட்டும் போதாது, நீளமும் வேண்டும். ஃபெண்டர் கிட்டார்களில் தந்தியின் அதிரும் நீளம் பொதுவாக 25.5 அங்குலம், அவர்களுடைய பேஸில் 34 அங்குலம். இரண்டு வகைத் தந்தியையும் ஒரே கழுத்தில் கட்ட நினைத்தால் தொல்லைதான். நீளத்தைக் குறைத்தால் பேஸ் தந்தி தொளதொளத்துவிடும். கூட்டினால் மெல்லிய தந்தி அறுந்துவிடும் அளவுக்கு விறைக்கும்.

இதற்கு வழி வைத்திருந்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ரால்ஃப் நோவக் என்ற கிட்டார் தயாரிப்பாளர். கழுத்தின் குறுக்கே சுரங்களைப் பிரிக்கும் ஃப்ரெட் கம்பிகளை ஒன்றுக்கொன்று இணையாகப் பதிக்காமல், விசிறி மாதிரி விரித்துச் சாய்வாகப் பதித்தால் ஒவ்வொரு தந்திக்கும் வேறு வேறு நீளம் கொடுக்கலாம். தடித்த தந்திக்கு நீளம் கூடுதல், மெல்லிய தந்திக்குக் குறைவு. இதற்கு அவர் 1989-இல் காப்புரிமை வாங்கினார். இந்த முறையில் ஹன்ட்டருக்கு அவர் செய்துகொடுத்த எட்டுத் தந்திக் கருவியில் கீழே மூன்று பேஸ் தந்திகள், ஈ, ஏ, டி. மேலே ஐந்து கிட்டார் தந்திகள், ஏ, டி, ஜி, பி, ஈ. பேஸிலிருந்து மெல்லிய தந்தி ஒன்றையும், கிட்டாரிலிருந்து தடித்த தந்தி ஒன்றையும் கழற்றிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துக் கட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொகுதிக்கும் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் தனித்தனி, வயர் தனித்தனி. பேஸ் ஒரு ஆம்ப்ளிஃபையருக்குப் போகும், கிட்டார் இன்னொன்றுக்குப் போகும். ஒலிப்பதிவாளரைப் பொறுத்தவரை அவை இரண்டு வாத்தியங்கள். இரண்டுக்கும் ஆள் ஒன்று என்பது அவருடைய கவலை இல்லை.

வலது கையில் கட்டைவிரல் பேஸுக்கு, மற்ற விரல்கள் கிட்டாருக்கு. இது பழகிவிடும். கஷ்டம் எல்லாம் இடது கையில். ஆள்காட்டி விரல் ஒரு பேஸ் சுரத்தை அழுத்திக்கொண்டிருந்தால், மிச்சம் இருக்கும் விரல்களுக்குள் கார்டு அடங்க வேண்டும், மெட்டும் அடங்க வேண்டும். பேஸ் இரண்டு ஃப்ரெட் நகர்ந்தால் மொத்தக் கையும் கூடவே நகரும். அப்போது மேலே பாதியில் இருக்கும் சங்கதி என்ன ஆவது?

ஃபங்க் என்ற தாள அழுத்தம் மிகுந்த அமெரிக்க நடன இசையில் நான்கு அடி கொண்ட ஒரு ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் அடியில் காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம் விழுகிறது, அதே கணத்தில் கட்டைவிரலும் பேஸ் தந்தியில் விழுகிறது. இரண்டாம் அடி ஸ்னேர், குச்சியால் அடிக்கும் சடசடப்பான டிரம். அதை ஒட்டி, ஒரு மயிரிழை தள்ளி, கிட்டாரின் கார்டு 'டக்' என்று விழுந்து உடனே அடங்குகிறது. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முதல் அடியில் தட்டிய பேஸ் சுரம் இந்தக் கார்டு வரும்போது ஒலித்துக்கொண்டிருக்க வேண்டுமா, நின்றிருக்க வேண்டுமா? இடது ஆள்காட்டி விரலை எடுத்தால் நின்றுவிடும், அழுத்தியே வைத்திருந்தால் தொடரும். அதை அழுத்திக்கொண்டே மற்ற விரல்களால் கார்டைப் பிடித்து, தட்டியதும் கார்டை மட்டும் தளர்த்தி அடக்க வேண்டும். மூன்றாம் அடிக்குச் சற்று முன்னால் பேஸ் இரண்டு சின்னச் சுரங்களில் பதில் சொல்கிறது. நான்காம் அடி மறுபடி ஸ்னேர். இவ்வளவும் இரண்டு நொடிக்குள் முடிந்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு சுரம் எப்போது தொடங்குகிறது என்பதைப் போலவே எப்போது முடிகிறது என்பதும் தாளத்தின் பகுதி. பேஸ் வாசிப்பவர்களுக்கு இது தொழிலின் அரிச்சுவடி. வேகத்தையும் கார்டையும் பழகும் கிட்டார்காரர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. ஹன்ட்டர் யோசித்தே ஆக வேண்டும்.

சரி, இந்த யோசனை வானத்திலிருந்து குதித்ததா என்றால் இல்லை. இதற்குப் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் உண்டு.

நேர் முன்னோர் ஜாஸ் ஆர்கன் கலைஞர்கள். 1956-இல் ப்ளூ நோட்டுக்கு முதல் ஆல்பம் கொடுத்த ஜிம்மி ஸ்மித், இடது கையாலும் காலடிக் கட்டைகளாலும் பேஸை வாசித்துக்கொண்டே வலது கையில் மனோதர்மமாகப் பொழிந்தார். ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என்ற மூவர் அமைப்பு அதற்குப் பிறகு ஃபிலடெல்ஃபியா, நியூவார்க் போன்ற கிழக்குக் கரை நகரங்களின் சின்னச் சின்ன பார்களில் பெருகியது. முதலாளி மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், சத்தம் பெரிய குழுவின் சத்தம். ஹாமண்ட் பி-3 ஆர்கன் ஏறக்குறைய 190 கிலோ எடை. அதை மாடிப்படியில் ஏற்றி இறக்கிய புண்ணியவான்களைப் பற்றி யாரும் ஆல்பம் போடவில்லை என்பது வேறு விஷயம்.

ஹன்ட்டர் தன் முன்மாதிரிகளாகக் கிட்டார்காரர்களோடு சேர்த்து லாரி யங், பிக் ஜான் பேட்டன் போன்ற ஆர்கன் கலைஞர்களையும் வைத்துக்கொண்டவர். ஆரம்ப கால ஆல்பங்களில் அவருடைய கிட்டார் ஆர்கன் போலவே கேட்பது தற்செயல் இல்லை. ஹாமண்ட் ஆர்கனோடு சேர்ந்து வரும் லெஸ்லி என்ற ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒலி வெளிவரும் வாய் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் ஒலி அலையலையாக நடுங்கும். கிட்டார் தொகுதியின் ஒலியை மட்டும் அந்த மாதிரி நடுங்கவிட்டால், கீழே சுத்தமான பேஸ், மேலே ஆர்கன். தனித்தனி வயர் எதற்கு என்பது இப்போது புரியும்.

இன்னொரு மரபு இதைவிடப் பழையது. 1926 முதல் 1932 வரை பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பாடிப் பதிவு செய்த பிளைண்ட் பிளேக் போன்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர்கள், ராக்டைம் என்ற துள்ளல் பாணிப் பியானோவின் இடது கை வேலையைக் கட்டைவிரலுக்குக் கொடுத்து, மெட்டை மற்ற விரல்களுக்குக் கொடுத்தார்கள். தெருவிலும் விருந்திலும் தனி ஆளாக ஆட்டத்துக்கு வாசிக்க வேண்டியவர்களுக்கு வேறு வழி இல்லை. ஜாஸ் பக்கத்தில் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930களின் இறுதியிலேயே ஏழு தந்திக் கிட்டார் செய்து வாங்கி, அடிச்சுரத்தையும் சேர்த்து வாசித்தார். 1973-இல் ஜோ பாஸ் ஒற்றைக் கிட்டாரில் ஒரு முழு ஆல்பத்தையே பதிவு செய்தார்.

ஆனால் வான் எப்ஸும் ஜோ பாஸும் தனிக் கச்சேரிக்காரர்களாக யோசித்தவர்கள். தனியாக வாசிப்பவர் தாளத்தை இஷ்டத்துக்கு நீட்டலாம், சுருக்கலாம், ஒரு நல்ல கார்டில் நின்று ரசிக்கலாம். ஹன்ட்டர் இருப்பது குழுவில். பக்கத்தில் டிரம்ஸ்காரர் இருக்கிறார். அவருக்கு ஹன்ட்டர் கிட்டார்காரர் அல்ல, பேஸ்காரர். பேஸ் ஒரு கணம் தடுமாறினாலும் கட்டடம் சாயும். இந்த இடத்தில்தான் ஹன்ட்டர் மற்ற பல தந்திக் கிட்டார்காரர்களிடமிருந்து பிரிகிறார்.

ஃபங்க் இசை பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1967-இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழு 'கோல்ட் ஸ்வெட்' பாட்டைப் பதிவு செய்தபோது, அமெரிக்க நடன இசையின் ஈர்ப்பு மையமே இடம் மாறியது. கார்டு மாற்றங்கள் கிட்டத்தட்ட மறைந்து, ஒரே கார்டில் நிமிடக் கணக்கில் ஓடும் பாட்டு. எல்லா வாத்தியமும் தாள வாத்தியம் போலவே பேசும். முதல் அடியில் எல்லோரும் வந்து சேர வேண்டும், நடுவில் அவரவர் வழி. நம் கச்சேரிகளில் சமத்துக்கு வந்து சேர்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஜிம்மி நோலன் என்ற கிட்டார் கலைஞர் தந்திகளை முழுவதும் அழுத்தாமல் சுரண்டுவது போல் வாசித்தார். கிட்டார் அங்கே ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலின் தம்பி ஆகிவிட்டது. அந்தப் பாட்டை பிரவுனோடு சேர்ந்து உருவாக்கிய பீ வீ எல்லிஸ் ஜாஸில் ஊறியவர். ஃபங்க் பிறந்த வீட்டிலேயே ஜாஸ் இருந்தது. இரண்டையும் பிற்பாடு யாரோ கலந்தார்கள் என்று சொல்வது அதனால் அவ்வளவு சரியில்லை.

ஜாஸ் விமர்சகர்கள்தான் இதை ஏற்கத் தயங்கினார்கள். கிராண்ட் கிரீன் என்ற அருமையான கிட்டார் கலைஞர் 1970-இல் நியூவார்க்கில் ஒரு லவுஞ்சில் நேரடியாகப் பதிவு செய்த 'அலைவ்!' போன்ற ஃபங்க் ஆல்பங்களை, காசுக்காகச் செய்த சமரசம் என்று அப்போது ஒதுக்கினார்கள். கிரீன் 1979-இல் இறந்துபோனார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஹிப் ஹாப் தயாரிப்பாளர்கள் பழைய ரிக்கார்டு கடைகளில் தேடி எடுத்தது அதே ஆல்பங்களைத்தான். 1993-இல் அஸ் த்ரீ என்ற லண்டன் குழு, ப்ளூ நோட்டின் அனுமதியோடே அதன் பழைய பதிவுகளைத் துண்டு துண்டாக எடுத்து ராப் இசைக்குக் கீழே ஓடவிட்டது. அந்த ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ப்ளூ நோட்டுக்கு அதற்கு முன் அப்படி ஒரு விற்பனை வாய்த்ததில்லை. க்ரூவ் ஜாஸுக்கு மறுபடியும் சந்தை இருக்கிறது என்று நிறுவனங்களுக்கு உறைத்த நேரம் அது. ஹன்ட்டர் சரியாக அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

1967-இல் ரோட் ஐலண்டில் பிறந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வளர்ந்தவர் அவர். அம்மாவுக்குக் கிட்டார் பழுது பார்க்கும் தொழில். விதவிதமான கிட்டார்கள் வந்து போகும் வீடு. கழற்றி மாட்டக்கூடிய சாமான்தான் கிட்டார் என்ற தெளிவு அங்கே வந்திருக்கலாம் என்பது என் ஊகம். பதின்ம வயதில் ஜோ சாட்ரியானி என்ற கிட்டார் கலைஞரிடம் பாடம் படித்தார். மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டும் அதே வாத்தியாரின் மாணவர்தான். பதினெட்டு வயதில் பாரிஸ் போய்த் தெருவில் வாசித்துச் சம்பாதித்தார். தெருவில் ஒருவர் நின்று கேட்பதும் நடையைக் கட்டுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிவாகிவிடும். அங்கே கார்டு ஞானத்தைவிட க்ரூவ்தான் சோறு போடும்.

திரும்பி வந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஃபிராண்டியின் 'டிஸ்போஸபிள் ஹீரோஸ் ஆஃப் ஹிப்ஹாப்ரிசி' என்ற அரசியல் ராப் குழுவில் சேர்ந்தார். 1992-இல் அந்தக் குழு யூ டூ என்ற ராக் குழுவின் பிரம்மாண்டமான சுற்றுப்பயணத்தில் முன்வாசிப்புக் குழுவாகப் போனது. அரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் முன் வாசித்தவர், அப்புறம் ஊருக்குத் திரும்பி மிஷன் பகுதியின் எல்போ ரூம் போன்ற சின்ன இடங்களில் தன் ட்ரியோவைத் தொடங்கினார். அங்கே வந்தவர்கள் உட்கார்ந்து கைதட்டும் ஜாஸ் ரசிகர்கள் அல்ல. நின்றுகொண்டு, குடித்துக்கொண்டு, ஆடவந்த இளைஞர்கள். ட்ரியோவின் முதல் ஆல்பத்தை 1993-இல் வெளியிட்டவர் ப்ரைமஸ் என்ற ராக் குழுவின் லெஸ் கிளேபூல், தன்னுடைய சொந்த லேபிளில். கிளேபூல் யார் தெரியுமா? அந்தத் தலைமுறையின் மிகப் பெயர்பெற்ற பேஸ் கலைஞர்களில் ஒருவர். பேஸ்காரரே இல்லாத குழுவை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் ஒரு பேஸ்காரர்!

ப்ளூ நோட்டுக்கு வந்தபின் ஆல்பங்கள் மளமளவென்று வந்தன. 'பிங், பிங், பிங்!'கில் நிர்வானா என்ற ராக் குழுவின் ஒரு பாட்டையும் எடுத்து வாசித்தது, அந்தக் காலக் கல்லூரி மாணவர்களை ஜாஸ் பக்கம் இழுத்தது. அடுத்த வருடம் 'ரெடி... செட்... ஷாங்கோ!'வில் இரண்டு சாக்ஸபோன்கள், டிரம்ஸில் ஸ்காட் அமெண்டோலா. ஹன்ட்டரோடு பல வருடம் தொடர்ந்த கூட்டாளி இவர். இதே சமயத்தில் டி.ஜே. கிர்க் என்ற விளையாட்டுக் குழு வேறு நடந்தது. மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ். வாசித்தது தெலோனியஸ் மங்க், ஜேம்ஸ் பிரவுன், ரோலண்ட் கிர்க் மூவருடைய இசையை மட்டும். முதலில் ஜேம்ஸ் டி. கிர்க் என்றுதான் பெயர் வைத்தார்கள், ஸ்டார் ட்ரெக் கப்பல் தலைவரின் பெயர். உரிமையாளர்கள் விடவில்லை, முதல் பெயர் போயிற்று.

1997-இல் வந்த 'நாட்டி ட்ரெட்' தனியாகப் பேச வேண்டிய ஆல்பம். பாப் மார்லியின் 1974 ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வார்த்தை இல்லாமல் வாசிக்கிறார்கள். மார்லியின் ஜமைக்கா இசையான ரெகேயில் பேஸுக்குத் துணை வேடம் கிடையாது. பாடகருக்கு அடுத்த குரல் அதுதான். போதாததற்கு, முதல் அடியில் எல்லோரும் வந்து விழும் ஃபங்க் பழக்கத்துக்கு நேர் எதிராக, ரெகேயின் டிரம்ஸ் பல சமயம் முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவதில்தான் இறங்கும். கிட்டாரோ இரண்டிலும் நான்கிலும் சுருக்கென்று வெட்டும். மூன்று வேறு இடங்களில் மூன்று வேறு அழுத்தம், அதில் இரண்டு ஒரே ஆளின் கையில். பழைய பழக்கம் கட்டைவிரலை முதல் அடிக்குப் பிடித்து இழுக்கும், இழுபடாமல் இருக்க வேண்டும். எட்டுத் தந்தி எதற்கு என்று கேட்கும் நண்பருக்கு நான் போட்டுக் காட்டுவது இந்த ஆல்பத்தைத்தான்.

டிஆஞ்சலோ என்ற ஆர் அண்ட் பி பாடகரின் 'வூடூ' பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. 2000 ஜனவரியில் வந்த ஆல்பம் அது. மறு வருடம் சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நியூயார்க்கில் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில், கணினியில் வெட்டி ஒட்டாமல், ஆட்கள் உட்கார்ந்து வாசித்து வாசித்துச் செதுக்கியது. பெரும்பாலான பாடல்களில் பேஸ் பினோ பல்லடினோ. 'தி ரூட்', 'ஸ்பானிஷ் ஜாயிண்ட்' உட்பட மூன்றில் மட்டும் பேஸ், கிட்டார் இரண்டும் ஹன்ட்டர்.

அந்த ஆல்பத்தின் தாளம் வேண்டுமென்றே பின்தங்கும். டிரம்ஸில் கொஸ்ட்லவ் ஸ்னேரை எதிர்பார்க்கும் இடத்துக்கு ஒரு இம்மி தாமதமாகப் போடுவார். பேஸ் இன்னும் சோம்பலாக வரும். காலப்பிரமாணம் குலைவதில்லை; ஆனால் உள்ளே ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இப்படிப்பட்ட வாசிப்பில் பேஸுக்கும் கிட்டாருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்பதை வழக்கமாக இரண்டு பேர் கண்ணைக் கண்ணைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். ஹன்ட்டரிடம் அந்தப் பேச்சுவார்த்தை ஒரே தலைக்குள் முடிந்துவிடுகிறது. 'ஸ்பானிஷ் ஜாயிண்ட்'டில் லத்தீன் சாயலில் துள்ளும் அந்த பேஸையும் அதற்கு மேலே மினுக்கும் கிட்டாரையும் கவனித்துக் கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று மிதிப்பதே இல்லை என்று தெரியும். மிதிக்க முடியாது, இரண்டுக்கும் விரல்கள் பொது. ஜாஸ் பக்கம் எட்டிப் பார்க்காத லட்சக்கணக்கானோர் ஹன்ட்டரைக் கேட்டது இந்த மூன்று பாட்டில்தான். அவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

இந்தக் காலத்திலேயே அவருடைய குழுக்கள் சிறுத்துக்கொண்டும் வந்தன. 1999-இல் லியோன் பார்க்கர் என்ற டிரம்ஸ் கலைஞரோடு இரண்டே பேராக ஓர் ஆல்பம். பார்க்கர் டிரம்ஸ் செட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு காலத்தில் ஒற்றைச் சிம்பலோடு வாசித்துப் பேர் வாங்கியவர். ஜோடி பொருத்தம் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் முதல்முறையாகப் பாடகர்களோடு செய்த 'சாங்ஸ் ஃப்ரம் தி அனலாக் பிளேகிரவுண்ட்'டில் கர்ட் எல்லிங், மோஸ் டெஃப் ஆகியோரோடு நோரா ஜோன்ஸ் என்ற இளம்பெண்ணும் இரண்டு பாட்டுப் பாடியிருந்தார். நம் ரவிசங்கரின் மகள். அவருடைய சொந்த ஆல்பம் மறு வருடம் வந்து உலகத்தையே சுற்றியதெல்லாம் அதற்குப் பிறகு.

குறை இல்லாமல் இல்லை. எட்டுத் தந்திக்கு ஒரு விலை உண்டு, அதை ஹன்ட்டர் கொடுத்தே வாசித்தார். பேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கிட்டாரில் நீளமான, வேகமான தனிவாசிப்பு கஷ்டம். தந்தியை இழுத்து வளைத்து அழ வைப்பதும் கஷ்டம், இடது கை கீழே கட்டுண்டு கிடக்கிறது. அதனால் தனிவாசிப்பின் பாரம் சாக்ஸபோன் மேல் விழுந்தது. தொண்ணூறுகளின் ஆல்பங்களில் அந்த ஆர்கன் நடுக்கமும் தொடர்ந்து கேட்டால் சலிக்கிறது. அன்றைக்குப் புதுமையாக இருந்தது, இன்றைக்கு அந்தக் காலத்து வாசனை அடிக்கிறது. ஒருவேளை அவருக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். பின்னால் வந்த ஆல்பங்களில் அந்த நடுக்கம் குறைந்து, கிட்டார் கிட்டாராகவே கரகரப்போடு கேட்கிறது.

அப்புறம் 2006-இல் ஒரு தந்தியையே கழற்றிவிட்டார். மேலே இருந்த மிக மெல்லிய தந்தி. தனக்குக் கை சின்னது, அதை எட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் கை இருந்த இடத்திலிருந்து நகர வேண்டியிருக்கிறது, அதனால் அதைப் பயன்படுத்துவதே குறைவு என்று காரணம். கழுத்தையும் அதற்கேற்ப மாற்றி ஏழு தந்தியாக்கிக்கொண்டார். பத்திரிகைகள் 'எட்டுத் தந்திக் கலைஞர்' என்று முத்திரை குத்தி அதை வைத்தே டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தபோது, அந்த முத்திரையை அவரே கழற்றி வைத்தார். வித்தைக்காரர் யாரும் இதைச் செய்யமாட்டார். எண்ணிக்கையைக் கூட்டத்தான் பார்ப்பார். மேலே போகும் சுரங்கள் குறைந்ததும் இசை நடு ஸ்தாயியில் நெருங்கி வந்தது, டிரம்ஸோடு இன்னும் ஒட்டியது.

பிழைப்பின் பக்கமும் இதில் உண்டு. இசைத்தட்டு விற்று யாரும் வாழ முடியாத காலத்தில் மூன்று பேராக, இரண்டு பேராகப் பயணம் போவது பெரிய சௌகரியம். ஒரு வண்டியில் எல்லாம் அடங்கும், வந்த பணத்தைப் பங்கிடவும் ஆள் குறைவு. பழைய ஆர்கன் பார்களின் கணக்கேதான். 2010-இல் அவர் போட்ட ஆல்பத்தின் தலைப்பு ஒரு முழு வாக்கியம்: 'கனவான்களே, உங்களுக்குச் சம்பளம் கிடைக்காது என்று தெரிவிக்கத் தவறிவிட்டேன்' என்று தமிழில் சொல்லலாம். இரண்டு வருடம் கழித்து அமெண்டோலாவோடு இரண்டு பேராகச் செய்ததற்கு, 'பின்தங்காமல் இருப்பதுதான் இன்றைய முன்னேற்றம்' என்ற பொருளில் இன்னொரு தலைப்பு. ஜாஸ்காரர்களின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை என்று நினைக்கிறேன்.

2015-இல் வந்த 'லெட் தி பெல்ஸ் ரிங் ஆன்' எனக்கு அவருடைய பிற்கால ஆல்பங்களில் ஆகப் பிடித்தது. ட்ராம்போனில் கர்ட்டிஸ் ஃபோல்க்ஸ், டிரம்ஸில் பாபி பிரெவீட். பழைய ப்ளூஸ், தேவாலயப் பாட்டு, நியூ ஆர்லியன்ஸ் ஊர்வல இசை எல்லாம் கலந்த அழுக்கும் அழகுமான ஒலி. பிளைண்ட் பிளேக்கின் கட்டைவிரல் இங்கே வெளிப்படையாகவே தெரியும். ட்ராம்போன் பாடும்போது ஹன்ட்டர் பல இடங்களில் பேஸை மட்டும் வாசித்துவிட்டு மேல் தந்திகளைச் சும்மா விடுகிறார். முப்பது வயதில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

2021-இல் பாடகர் கர்ட் எல்லிங்கோடு மறுபடி சேர்ந்து 'சூப்பர்ப்ளூ'. கூட இருந்தவர்கள் பட்சர் பிரவுன் குழுவின் டிஜே ஹாரிசன், கோரி ஃபான்வில். ஹிப் ஹாப்பைக் கேட்டே வளர்ந்த தலைமுறை. 'வூடூ'வின் அந்தச் சாய்ந்த தாளம் இவர்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. அதை வாசித்தவரே இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆல்பம் கிராமிப் பரிந்துரைப் பட்டியலிலும் இடம் பிடித்தது.

கேட்கத் தொடங்குபவர்கள் 'நாட்டி ட்ரெட்'டில் ஆரம்பிக்கலாம். மார்லி பாட்டுகள் ஏற்கெனவே காதில் இருப்பதால் யார் எதை வாசிக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்பது சுலபம். முதல் தடவை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், இரண்டாம் தடவை கிட்டாரை. நல்ல ஹெட்போன் வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் பாதி காணாமல் போய்விடும், பாதி ஹன்ட்டரும் கூடவே போய்விடுவார். அதற்குப் பிறகு 'ஸ்பானிஷ் ஜாயிண்ட்', அதற்குப் பிறகு 2015 ஆல்பம். டி.ஜே. கிர்க்கை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அதற்கு முன்பயிற்சி எதுவும் தேவையில்லை.